கண்ணாடியில் மோதிய ஆறுமணிக் குருவி



ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக் குருவி நம்ம பக்கம் வந்துவிடும். இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கக் கடல் தாண்டி வருகிற விருந்தாளி அது. களைத்து வரும்போது ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. கண்ணாடியில் தெரிகிற மரத்தையும் வானத்தையும் நிசமென்று நினைத்துவிடுகிறது.

ஒருமுறை பிள்ளை மடுவத்து ஜன்னலுக்குக் கீழே அப்படி ஒன்று கிடந்தது. "ஐயோ பாவம்" என்று அலகைத் திறந்து தண்ணி ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் செத்துப்போச்சு. மயங்கிய குருவிக்கு ஊற்றுகிற தண்ணி மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். இரக்கம் மட்டும் போதாது, முறையும் தெரிய வேண்டும்.

இனி இப்படிச் செய்வோம். துணியால் மெதுவாகப் பொத்தி எடுத்து, காற்றுத் துளை போட்ட சப்பாத்துப் பெட்டியில் வைத்து மூடுவோம். தண்ணி, சோறு எதுவும் வேண்டாம். பூனையும் பிள்ளைகளும் அண்டாத, சூடான, சத்தமில்லாத மூலையில் இருக்கட்டும். அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறப்போம். தானாகப் பறக்கட்டும், மேலே வீசக் கூடாது. செட்டை தொங்கினாலோ, இரண்டு மூன்று மணித்தியாலத்திலும் தேறாவிட்டாலோ மிருக வைத்தியரிடம் காட்டுவோம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவோம்.

அதே சவர்க்காரத்தால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் குருவி விலகிப் போகும். மழையில் கரைந்தால் திரும்பவும் போடுவோம்.

அந்திக்கு ஆறு மணிக்கு அதன் குரல் கேட்கட்டும்.