அடி மாற்றும் செருப்பு

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



இம்முகாமில் இதுவரை குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், ஏரி மராமத்தைப் பற்றியும் பேசினோம். இன்று செருப்பைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். தங்களில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சபையில் பேசத்தக்க பொருளா இது என்று கேட்கவும் கூடும். ஆனால் நாம் இம்மண்டபத்துக்குள் நுழையுமுன், வாசலில் தாங்கள் கழற்றி வைத்திருந்த செருப்புகளைச் சற்று நின்று கவனித்தோம். இன்றைய பேச்சுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அங்கேயே இருக்கிறது.

பெரும்பாலானவற்றில் குதிகாலின் வெளிப்பக்கம் சீவிவிட்டாற்போலத் தேய்ந்திருக்கிறது. மேலேயுள்ள வார் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. வேறு சிலவற்றில் அடி கனமாகவே இருக்கிறது. ஆனால் பெருவிரலுக்கு அருகிலுள்ள துளை அகன்றுபோனதால், வார் உருவிக்கொண்டு வராதபடி அடிப்புறத்தில் ஊக்கு ஒன்று குத்தியிருக்கிறது. ஒரு ஜதையில் உடையவரின் சுண்டுவிரல் தங்க இடமில்லை. அவர் பிளேடு கொண்டு அவ்விடத்தை அறுத்துவிட்டிருக்கிறார். இன்னொன்று, கால் சிறிதாயும் செருப்பு பெரிதாயும் இருப்பதால், கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது.

ஆக, செருப்பு முழுவதும் ஒரே நாளில் கெடுவதில்லை. ஏதேனும் ஒரு பாகம் முந்திக்கொண்டு கெடுகிறது. அதனோடு நல்ல பாகமும் குப்பைக்குப் போகிறது. நம் விவசாயி வேறெந்தச் சாமானையும் இவ்விதம் நடத்துவதில்லை. கொழு தேய்ந்தால் கொழுவைத்தான் மாற்றுகிறார், கலப்பையை எறிவதில்லை. மண்வெட்டியின் காம்பு முறிந்தால் வேறு காம்பு போடுகிறார். சைக்கிளுக்கு டயர் மாற்றுகிறார். செருப்புக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? செய்பவர்கள் அதை மாற்ற இயலாதபடி செய்கிறார்கள்; வாங்குகிற நாமும் கேட்பதில்லை.

கேளாமல் வாங்கியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்களுக்குக் காலணி வாங்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. விலை குறைவாகக் குறிப்பிட்டவரிடமே வாங்கினோம். மூடிய காலணி, பார்வைக்கு மிடுக்கு. அடியைப் பசையால் மட்டும் ஒட்டியிருந்தார்கள். அளவுகளும் அவர்கள் அனுப்பியவையே. முதல் மழையிலேயே பலவற்றின் அடி முன்புறத்தில் வாய் பிளந்துகொண்டது. பிளக்காதவையோ காலைக் கடித்தன. பெண்கள் பலர் அவற்றை வீட்டு மூலையில் வைத்துவிட்டு, பழைய ரப்பர் செருப்போடு, சிலர் வெறுங்காலோடு, கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கிற குப்பையை மிதித்து வேலை செய்தார்கள். பதிவேட்டில் வழங்கியாயிற்று என்று நாம் கையொப்பமிட்டிருந்தோம். ஒரு மூதாட்டி, “எங்கள் காலை யாரும் அளந்து பார்க்கவில்லையே, ஐயா” என்றார். அதற்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

அளவைப் பற்றி அந்த அம்மையார் சொன்னது முற்றிலும் சரி. கடையில் 7, 8 என்று சொல்கிற எண் பாதத்தின் நீளத்தை மாத்திரமே குறிக்கிறது. அது ஆங்கிலேயர் வகுத்த கணக்கு. எண்ணுக்கு எண் ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு வித்தியாசம். அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. சென்னை அடையாற்றில் 1948-ல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்தனர். மேல்நாட்டாரின் பாதத்தைக் காட்டிலும் நம்மவர் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் வெளியாயிற்று. குறுகலில் கால் கடிக்காமலிருக்க நீளம் அதிகமான செருப்பை வாங்குகிறோம். நீளம் அதிகமானதால் கால் முன்னும் பின்னும் வழுக்குகிறது. வரப்பில் இடறி விழுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கால்களை ஆராய்ந்தார். உள்ளங்காலில் புண் தோன்றி விரல்கள் குறைந்துபோவதற்கு நோய்க் கிருமி நேராகக் காரணமன்று என்று அவர் கண்டார். நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போவதால், முள் தைத்தாலும் ஆணி குத்தினாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. நமக்கு வலித்தால் காலை மாற்றி ஊன்றுகிறோம், நொண்டி நடக்கிறோம். அவருக்கோ வலியில்லை, அதே இடத்தில் அழுத்தி அழுத்தி நடக்கிறார், சதை நைந்து புண்ணாகிறது. ஆகவே மருந்தோடு தக்க செருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. பலவகைப் பொருள்களைப் பரீட்சித்த பின்னர், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று ஆஸ்பத்திரிகளில் வழங்குவது இதுவே. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பட்டறையும் இவ்வகைச் செருப்புக்குப் பெயர்பெற்றது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இது இலவசமாகவும் வழங்கப்படுகிறது.

இச்செருப்பின் அமைப்பைக் கவனித்தால் நமக்குப் பல விஷயங்கள் விளங்கும். காலடியில் மெத்தென்ற ரப்பர். அதன் கீழே முள் ஊடுருவாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூட இல்லை, ஏனெனில் ஆணி தலைதூக்கினால் அணிந்தவருக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னே வார் உண்டு. உணர்ச்சியற்ற விரல்களால் செருப்பைக் கவ்விப் பிடிக்க முடியாதென்பதால் அது அவசியம். வார்களில் பக்கிள் இருப்பதால், கால் வீங்கினாலும் கட்டுப் போட்டிருந்தாலும் தளர்த்திக்கொள்ளலாம். மெத்தை ரப்பர் நாளடைவில் அமுங்கிவிடும். அமுங்கியதை மாற்றாவிட்டால் அது மெத்தையாக இராது.

தொழுநோய்க்கென்று அமைந்த செருப்பு நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். இன்று நம் கிராமங்களில் சர்க்கரை நோய் இல்லாத தெரு அரிது. நெடுநாள் சர்க்கரை நோயிலும் பாதம் இதே போல மரத்துப்போகிறது. காலை வயலுக்குப் போன பெரியவர், மாலை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலைக் கழுவும்போதுதான், கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் நாளெல்லாம் நின்றிருந்ததைக் காண்கிறார். அந்தப் புண் ஆறாமல், காலையே எடுக்க நேர்ந்த குடும்பங்களைத் தாங்களும் அறிவீர்கள். தேய்ந்து மெலிந்த அடி வெறுங்காலைவிட மோசம். செருப்பு இருக்கிறதென்ற தைரியத்தில் பார்க்காமல் மிதிக்கிறோம்.

ஆகையால் நாம் வேண்டுவது மூன்று அடுக்குள்ள செருப்பு. இதனை நம் ஊர்த் தொழிலாளி ஒருவரே செய்யலாம். மேலடுக்கு, கால் படுகிற மெத்தை. கீழடுக்கு, தரையில் தேய்கிற அடி. இவ்விரண்டுக்கும் நடுவே கெட்டியான தோல் தட்டு ஒன்று. இதனை நடு அடி என்று சொல்லிக்கொள்வோம். சூட்சுமம் முழுவதும் இந்த நடு அடியில் இருக்கிறது. வார்களின் நுனியை நடு அடியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். நடு அடியின் விளிம்பு சுற்றிலும் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும். தேய்கிற அடியை அந்த விளிம்போடு மாத்திரம் தைக்க வேண்டும். வாரோடும் மெத்தையோடும் அதற்குத் தொடர்பு கூடாது. அடி தேய்ந்ததும் விளிம்புத் தையலை அறுத்தால் அது தனியே வந்துவிடும். வேறு அடியை வைத்து, பழைய துளைகளின் வழியே தைத்துக்கொள்ளலாம். வார் அசைவதில்லை, காலுக்குப் பழகிய வடிவமும் மாறுவதில்லை.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. மேல்நாட்டில் உயர்ந்த ரகக் காலணிகளை விளிம்புப் பட்டை வைத்துத் தைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சிப் பதப்படுத்தக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அத்தையலுக்கான இயந்திரத்தைத் தம் பெயர் விளங்கச் செய்தார். அக்காலணிகளுக்கு இன்றும் அடி மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் அணிகிறார்கள். விலை உயர்ந்த காலணிக்கு உள்ள இந்த வசதி, உழைப்பாளியின் செருப்புக்குத்தான் அதிகமாக வேண்டும்.

செய்முறையில் சில எச்சரிக்கைகள் உண்டு. அடிக்குப் பழைய லாரி டயர் நன்றாக உழைக்கும். ஆனால் நைலான் டயராகப் பார்த்து எடுக்க வேண்டும். ரேடியல் டயரில் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன; அடி தேயத் தேய அவை காலைக் குத்தும். தையல் நூல் தரையில் உராயாதபடி அடியில் பள்ளம் கீறி, நூல் அதற்குள் அமரும்படி தைக்க வேண்டும். குதிகாலின் பின்புறத்தில் பிறை வடிவமான சிறு துண்டைத் தனியாக வைத்தால், பெரும்பாலும் அதை மட்டும் மாற்றினாலே போதும். நடு அடிக்கு மலிவான அட்டையை வைப்பவர் உண்டு. மழையில் அது ஊறிப் பிய்ந்துவிடும். இந்த ஒன்றில் சிக்கனம் வேண்டாம். அச்சில் வார்த்து ஒரே துண்டாக வருகிற பி.யு. அடி இலேசானதுதான், ஆனால் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் தானே உதிர்ந்துபோகும் குணம் அதற்கு உண்டு. அணியாமல் பெட்டியில் வைத்தாலும் இதே கதிதான். மொத்தமாக வாங்கி அறையில் அடுக்கி வைக்கும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாருக்கு வருவோம். முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று, மூன்றிலும் பக்கிள். பக்கிள் வெளிப்பக்கமாகவே இருக்க வேண்டும். உட்பக்கமாக இருந்தால் நடக்கும்போது மற்றக் காலில் உராயும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை வயதானவர்களுக்கும், விரலில் வலுவில்லாதவர்களுக்கும் சௌகரியம். வயலுக்கு அது உதவாது. சேறும் நாயுருவி விதையும் அடைந்துகொண்டால் அப்புறம் ஒட்டுவதில்லை.

குழந்தைகளின் விஷயம் சற்றுச் சிக்கலானது. பள்ளிப் பருவத்தில் பாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. அமெரிக்கரான கென்டன் லீ என்பவர் 2007-ல் கென்யா நாட்டின் நைரோபி நகரில், காலுக்குப் போதாத காலணியோடு நடந்த ஒரு சிறுமியைக் கண்டு, வளரும் செருப்பைப் பற்றி எண்ணலானார். பொத்தான்களையும் பக்கிளையும் இடம் மாற்றி ஐந்து அளவுகள் வரை பெரிதாக்கக்கூடிய செருப்பு அதன் பயனாக வந்தது. நோக்கம் சிறந்ததே. ஆயினும் நம் அபிப்பிராயத்தில், ஐந்து அளவுக்கான அடியை முதல் ஆண்டிலேயே சுமக்கிற குழந்தைக்கு அது பாரம். தவிர, விரல் மடங்குகிற இடத்தில்தான் செருப்பும் மடங்க வேண்டும். அகலத்தையும் கட்டையும் கூட்டிக் குறைப்பது எளிது. நீளத்தைக் கூட்டுவது அவ்வளவு எளிதன்று. இரண்டு அளவு வரை இடம்விட்டு, பின் வாரில் துளைகள் அமைத்தால் போதுமென்று கருதுகிறோம்.

சேற்று நடவில் எந்தச் செருப்பும் பயன்படாது. கழற்றி வரப்பில் வைக்கத்தான் வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போதோ திறந்த செருப்பு கூடவே கூடாது. அதற்கு முழங்கால் வரையிலான ரப்பர் பூட்சே வேண்டும். மலங்கழித்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் தோலைத் துளைத்து உள்ளே சென்று, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். அவ்விடத்துக்குச் சாதாரணச் செருப்பும் நல்ல காவல்.

இவ்வளவையும் செய்யப்போகிறவர் யார்? இதுவே கடினமான கேள்வி. செருப்புத் தைப்பவர் நம் ஊர்களில் அருகிவிட்டார். பேருந்து நிலையத்து ஓரத்தில் குடையின் கீழ் அமர்ந்திருக்கிற முதியவரோடு அந்தக் கைத்திறன் முடிந்துவிடும் போலிருக்கிறது. அவருடைய மக்கள் ஏன் அத்தொழிலுக்கு வரவில்லை என்று ஆச்சரியப்பட நமக்கு உரிமையில்லை. செருப்பைச் செய்தவரே அதை அணிந்துகொண்டு நடக்க இயலாத தெருக்கள் நம் ஊர்களில் இருந்தன; கையில் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இச்சபையிலேயே இருக்கலாம். இன்னும் அப்படிப்பட்ட தெரு எங்கேனும் இருக்குமாயின், அந்த ஊராட்சியின் முதல் வேலை செருப்புத் தயாரிப்பதன்று.

மற்ற ஊராட்சிகளுக்கு நாம் வேண்டிக்கொள்வது சிறிது. வாரச்சந்தையில் காய்கறிக் கடைகளுக்கு இடம் ஒதுக்குகிறபோது, வாசலுக்கு அருகிலேயே செருப்புத் தொழிலாளிக்கும் நிழலுள்ள இடமொன்றை ஒதுக்குங்கள். சாதியை வைத்து ஆளைத் தேட வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பழகித் திரும்பிய எந்தச் சமூகத்து இளைஞரும், மகளிர் குழுவினரும் இதைச் செய்யலாம். தூய்மைக் காவலர்களுக்குக் காலணி வாங்கும் விவரக் குறிப்பில், “அடி மாற்றத்தக்கது, வார் கூட்டிக் குறைக்கத்தக்கது, ஒவ்வொருவர் காலையும் அளந்து வழங்கப்பட வேண்டும்” என்று மூன்று வரி சேருங்கள். அடி மாற்ற என்ன கூலி என்பதையும் விலையோடு சேர்த்தே கேளுங்கள்.

வாசலில் ஒரு பலகை மேல் வெள்ளைத்தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். உட்கார்ந்து வரைந்தால் அளவு தவறும். இரண்டு கால்களிலும் பாரத்தை ஊன்றி நின்றால்தான் பாதத்தின் உண்மையான அகலம் தெரியும். மாலையில் பாதம் சற்றுப் பருத்திருக்குமாதலால் இந்நேரமே அளப்பதற்கு ஏற்றது. புறப்படுகையில் செருப்பை மாட்டிக்கொள்வதற்கு முன், ஒவ்வொருவரும் தாளின் மேல் நின்று, பக்கத்திலிருப்பவரைக் கொண்டு பாதத்தைச் சுற்றி ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். பின்னர் அந்தக் கோட்டின் மேல் தங்கள் செருப்பை வைத்துப் பாருங்கள்.