எண்ணுக்கும் வரம்பு வேண்டும்

(சிதம்பரத்தில் நிகழ்ந்த தமிழ்க்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை பணியாற்றியது இவ்வூர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பாவலரேறு பெருஞ்சித்திரனார் ‘தென்மொழி’யை வளர்த்தது கூடலூர் மண்ணில். அறிவியலைத் தமிழால் சொல்ல இயலுமா என்று இங்கும் சிலர் இன்னும் வினவுகின்றனர். கணினிக் கணக்கு ஒன்றைக் கொண்டே விடை கூறுகிறேன்.

நம் முன்னோர் ஒன்றை 320 பங்காக்கி, ஒரு பங்கை முந்திரி என்றனர். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். ஆகவே இவ்வளவைகள் எல்லாம் முந்திரியின் முழு மடங்குகளே. ஒரு சிற்றலகை நிலைநிறுத்தி, பிற யாவற்றையும் அதன் மடங்காகக் குறிப்பதைக் கணினியியலார் இன்று நிலைப்புள்ளி எண் என்கின்றனர். முன்னோர் கணினி செய்தனர் என்று நான் பிதற்றவில்லை. கருத்து நமக்கு அயலன்று என்றே சொல்கிறேன்.

எந்த அலகுக்கும் குறை உண்டு. பத்தில் ஒன்று, பிசகாமல் 32 முந்திரி. மூன்றில் ஒன்றோ முந்திரியில் அடங்காது. இரண்டின் மடியில் எண்ணும் கணினிக்குப் பத்தில் ஒன்றும் அடங்காது. அதன் விளைவைக் கேளுங்கள். சவுதி அரேபியாவின் தாரானில் 1991 பிப்பிரவரி 25 அன்று, அமெரிக்கரின் பேட்ரியட்டு எதிர்ஏவுகணைக் கருவி ஏறத்தாழ 100 மணிநேரம் ஓயாது இயங்கியிருந்தது. பத்தில் ஒரு நொடியாக எண்ணிய காலத்தை நொடியாக்க, பத்தில் ஒன்றை 24 இரும இலக்கத்தில் வெட்டி வைத்துப் பெருக்கினர். வெட்டுண்ட துகள் 36 இலக்கம் முறை சேர்ந்து, ஏறத்தாழ 0.34 நொடிப் பிழையாயிற்று. வந்த ஏவுகணை தடுக்கப்படவில்லை. 28 படைஞர் மாண்டனர்.

அலகு மட்டும் போதாது, வரம்பும் வேண்டும். 1996 சூன் 4 அன்று ஏரியன் 5 ஏவூர்தி, எழும்பிய ஒரு நிமையத்திற்குள் சிதறிற்று. 64 இரும இலக்க எண் ஒன்றை 16 இலக்கப் பேழைக்குள் திணித்ததே முதற்கோளாறு. அப்பேழையின் மேல்வரம்பு 32,767. ஏரியன் 4-இன் மென்பொருளை, புதிய ஊர்தியின் வேகத்திற்கு ஏற்ப ஆராயாமல் எடுத்தாண்டனர். அந்த இடத்தில் வரம்புக் காவலும் இல்லை. துணைக்கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்ததால் அதுவும் அவ்வாறே வீழ்ந்தது.

ஆதலின், அடா என்னும் நிரல்மொழியில் ஒரு நிலைப்புள்ளி வகையை வகுப்போர் சிற்றலகையும் கீழ்மேல் வரம்புகளையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதன் வழிவந்த இசுபார்க்கு ஒரு படி மேற்சென்று, எந்த மதிப்பும் வரம்பு மீறாதென்பதை நிரல் ஓடுமுன்பே ஏரணத்தால் மெய்ப்பிக்க உதவுகிறது. ஓட்டிப் பார்க்கும் தேர்வு, தேர்ந்த சில நிலைகளையே காட்டும். மெய்ப்பு, கொண்ட கருதுகோள்களுக்கு உட்பட்ட எல்லா நிலைகளையும் காக்கும்.

உழவர் மக்களே! நீர் வந்தபின் வரப்பு வெட்டுவோமா? நடவுக்கு முன்பே வெட்டுகிறோம். வரப்பைக் குறிக்கும் வரம்பு என்னும் சொல்லே இவ்வறிவியலுக்கும் பொருந்தி நிற்கக் காண்கிறோம்.

திண்ணைப் பள்ளியின் எண்சுவடி போயிற்று. முந்திரியும் மாவும் பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்தன. அவற்றை வெறும் பழம்பெருமையாகப் பாடவேண்டா. ‘உன் எண்ணின் சிற்றலகு எது? அதன் வரம்பு எது?’ என்னும் இரு வினாக்களையும் தமிழிலேயே கேட்டுப் பயிற்றுங்கள். தாய்மொழியில் ஐயுறக் கற்றவனே பிழையை முன்னறிவான். உயிர்காக்கும் கணக்கு நம் மொழியிலும் எழுதப்படல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழறிவு!