ஏழு நாள் முகாமும் ஓராண்டுப் பணியும்



தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாடவேளைக்கு அப்பால் ஊருக்காக உழைக்க வழி செய்யும் அமைப்புகளுள் நன்கு அறியப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். பேச்சு வழக்கில் அது என்.எஸ்.எஸ். என்றே வழங்குகிறது. இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசியப் பசுமைப் படை, ரோட்டரி சங்கத்தின் துணையோடு இயங்கும் இன்டராக்ட் சங்கம் ஆகியவையும் பள்ளிகளில் உள்ளன. இவற்றின் விதிகளும் சீருடைகளும் வேறுபட்டாலும், வகுப்பறையில் கற்பதை வெளியே வாழும் மக்களின் தேவையோடு இணைப்பதே இவை அனைத்துக்கும் பொதுவான நோக்கம். நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பள்ளி மாணவரின் தொண்டு எப்போது ஊருக்கும் மாணவருக்கும் ஒருசேரப் பயன்படுகிறது, எப்போது அது ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்துவிடுகிறது என்பதை இவ்வுரை ஆராய்கிறது.

மாணவர்களை நாட்டுப் பணியில் ஈடுபடுத்தும் எண்ணம் விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பல குழுக்களின் விவாதத்தைக் கடந்து வந்தது. கல்வி நிறுவனங்களில் தேசியப் பணியைத் தன்விருப்ப அடிப்படையில் தொடங்கலாம் என்ற பரிந்துரை டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழுவிடமிருந்து முதலில் எழுந்தது. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழுவோ, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாக நாட்டுப்பணி ஆற்ற வேண்டும் என்றது. செலவும் நடைமுறைச் சிக்கல்களும் குறுக்கே நின்றதால் அந்தப் பரிந்துரை ஏட்டளவிலேயே நின்றுவிட, 1960இல் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே. ஜி. சையதைன், கட்டாயத்தைத் தவிர்த்துத் தன்விருப்பத்தையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்று கருத்துரைத்தார். கல்வியின் எல்லா நிலைகளிலும் ஏதேனும் ஒரு வகைச் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்று 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு வலியுறுத்தியது. இவற்றின் விளைவாக, காந்தியடிகளின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1969ஆம் ஆண்டின் செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டில் 37 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 40,000 மாணவர்கள் இதில் இணைந்தனர். பிற்காலத்தில் இது மேல்நிலை வகுப்புகளுக்கும் விரிந்தது.

கட்டாயமா, தன்விருப்பமா என்ற அந்தப் பழைய விவாதம் வேறு நாடுகளில் இன்றும் தொடர்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணி நேரச் சமூகப் பணி ஒரு நிபந்தனையாக உள்ளது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலமும் இத்தகைய நிபந்தனையை விதித்துள்ளது. இந்தியா தன்விருப்ப வழியைத் தேர்ந்தது. அவ்வழியில் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது: விரும்பிச் சேரும் மாணவரின் ஆர்வம் வீணாகாதபடி, செய்து முடிக்கத் தக்க பணியையும் பயன் கண்ணுக்குத் தெரியும் பணியையும் அவர் கையில் கொடுப்பது பள்ளியின் கடமையாகிறது.

பள்ளி அளவில் இத்திட்டம் இயங்கும் முறையை விளக்கச் சில சொற்கள் தேவை. பொதுவாக 50 மாணவர்களைக் கொண்ட குழு 'அணி' எனப்படுகிறது. அதை வழிநடத்தும் ஆசிரியர் 'திட்ட அலுவலர்'. அணி தொடர்ந்து பணியாற்றுவதற்கென அருகில் தேர்ந்துகொள்ளும் ஊர் 'தத்தெடுத்த கிராமம்'. ஆண்டு முழுவதும் மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் நடப்பது 'வழக்கமான பணி'. ஏழு நாள்கள் அந்தக் கிராமத்திலேயே தங்கி உழைப்பது 'சிறப்பு முகாம்'. பெரும்பாலான பள்ளிகளில் இம்முகாம் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நடைபெறுகிறது.

முகாமின் அருமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஊராட்சித் தொடக்கப் பள்ளியின் வகுப்பறையிலோ சமுதாயக் கூடத்திலோ பாய் விரித்துப் படுத்து, விடியலில் எழுந்து, முறை வைத்துக் காய் நறுக்கிப் பாத்திரம் கழுவி, பகலில் மண்வெட்டியும் கூடையுமாக உழைத்து, மாலையில் ஊர் மக்களோடு அமர்ந்து பேசும் அந்த ஏழு நாள்கள், பதினாறு வயதுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டைவிட்டுத் தங்கும் முதல் வாய்ப்பாகவும் அமைகின்றன. ஆண்பிள்ளைகள் அடுப்படி வேலையைப் பழகுகிறார்கள். வெவ்வேறு தெருக்களிலிருந்தும் சாதிகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பந்தியில் உண்கிறார்கள். ஊரின் மையத் தெருவோடு நின்றுவிடாமல், விலகியிருக்கும் காலனிக்கும் அணி சென்று அங்கேயும் அதே அக்கறையோடு உழைக்கும்போது, சமத்துவம் பற்றிய பாடம் புத்தகத்தைவிட ஆழமாகப் பதிகிறது.

ஆயினும், முகாமையே முழுத் திட்டமாகக் கருதிவிடும் போக்கு பரவலாக உள்ளது. தொடக்க விழா, பேரணி, நிறைவு விழா, நாளிதழில் ஒரு படம் என்று ஏழாம் நாளோடு கணக்கை முடித்துக்கொண்டால், ஊருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. இதற்கு மரக்கன்று நடுதல் மிகத் தெளிவான சான்று. காலாண்டு விடுமுறையில் நடப்படும் வேம்பும் புங்கனும் பூவரசும் வடகிழக்குப் பருவமழையைப் பெற்று டிசம்பர் வரை செழித்துத் துளிர்க்கின்றன. ஆகவே நடும் காலம் சரியானதுதான். ஆனால் பிப்ரவரியில் மண் காயத் தொடங்கும்போது, கன்றை நட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் செய்முறைத் தேர்வுக்கும், மார்ச்சில் பொதுத் தேர்வுக்கும் சென்றுவிடுகிறார். கன்றுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி ஆண்டுத் தேர்விலும் கோடை விடுமுறையிலும் இருக்கிறது. வேர் ஆழமாக இறங்காத முதற்கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் நீர் ஊற்றவும், ஆடு கடிக்காதபடி முள் அடைப்பைச் சரிசெய்யவும் ஆளில்லாமல் போவதால், நூறு கன்றுகள் நட்ட இடத்தில் ஜூன் மாதம் காய்ந்த குச்சிகள் மிஞ்சுகின்றன. மாணவரிடம் அக்கறை குறைந்ததால் இது நேர்வதில்லை. பள்ளியின் நாட்காட்டியும் மரத்தின் நாட்காட்டியும் பொருந்தாததே காரணம். அதற்கேற்ப, நடும் நாளன்றே ஒவ்வொரு கன்றையும் அதற்கு எதிரே குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் பொறுப்பிலும், அதே தெருவில் வாழும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பொறுப்பிலும் ஒப்படைக்கும் அணி, எண்ணிக்கையில் இருபது கன்றுகளே நட்டாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியும்.

டெங்குத் தடுப்புப் பணியும் இதே உண்மையை வேறொரு கோணத்தில் உணர்த்துகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. சிமென்ட் தொட்டி, மூடாத டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு போன்றவற்றில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள்கள் போதும். பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள், நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்ப்போடு காத்திருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிகின்றன. எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். பதாகை ஏந்திய விழிப்புணர்வுப் பேரணி இந்தக் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு நாளைக்கூடத் தடுப்பதில்லை. ஆனால் 50 மாணவர்களும் தத்தம் தெருவில் ஆளுக்குப் பத்து வீடுகளை ஏற்று, மழைக்காலம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டாரோடு சேர்ந்து தொட்டிகளைப் பார்த்து வந்தால் 500 வீடுகள் தொடர்ந்த கண்காணிப்பில் வருகின்றன. புழு கண்ட வீடுகளின் விவரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் அன்றே சேர்த்தால், அரசுப் பணியாளரின் உழைப்பும் தேவைப்படும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. பணி எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்பதை விழா நாள்கள் தீர்மானிக்கலாகாது. அந்தந்தச் சிக்கலின் இயல்பே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே, எந்தப் பணியைத் தொடங்குமுன்னும் ஊரிடம் கேட்பது முதற்படி. முகாமுக்கு ஓரிரு மாதம் முன்பே மாணவர்கள் வீடு வீடாகச் சென்று, குடிநீர், தெருவிளக்கு, முதியோர் ஓய்வூதியம், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எனத் தேவைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றுள் தம்மால் இயன்றது எது, ஊராட்சியிடம் எடுத்துச் செல்ல வேண்டியது எது, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவாக எழுத வேண்டியது எது என்று பிரித்தறிய வேண்டும். கோயில் வளாகத்தைப் பெருக்க அணி திட்டமிட்டிருக்க, ஊரிலுள்ள மூதாட்டிகளுக்கோ விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தர ஒருவர் வந்தால் போதும் என்ற நிலை இருக்கக்கூடும். அரசுப் பள்ளி மாணவர்களுள் பலர் அதே ஊர்களின் பிள்ளைகள் என்பதால், தொண்டு மேலிருந்து கீழே வழங்கும் கொடையாக மாறாமல், தம் ஊருக்குத் தாமே செய்துகொள்ளும் வேலையாக அமையும் வாய்ப்பு இங்கு இயல்பாகவே உள்ளது.

இரண்டாவது படி, பணியைக் கைமாற்றுவது. பள்ளி அணியின் ஆயுள் இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பினர் வெளியேறுமுன், எந்த வீட்டில் யாரைப் பார்த்தார்கள், எந்த மனு எந்த அலுவலகத்தில் நிலுவையில் உள்ளது, எந்தக் கன்று யார் பொறுப்பில் இருக்கிறது, மாலை வகுப்புக்கு வரும் எந்தக் குழந்தை எழுத்துக் கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கிறது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, இளையோரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். இவ்வாறு கைமாறும் பதிவேடு, திட்ட அலுவலர் மாறுதலாகிச் சென்றாலும் பணி அறுந்துவிடாமல் காக்கும்.

மூன்றாவது படி, எல்லையை அறிவது. பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். குருதிக்கொடை அளிக்கக் குறைந்தது 18 வயது ஆக வேண்டும் என்பதால், அவர்கள் குருதிக்கொடை முகாமில் வரவேற்பும் பதிவும் கவனிக்கலாமே தவிர, தாமே குருதி அளிக்க இயலாது. கழிவுநீர்க் கால்வாயில் இறங்குவது, புதர் மண்டிய இடத்தில் காலணியும் கையுறையும் இன்றிச் சுத்தம் செய்வது, நெடுஞ்சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளை அவர்களிடம் ஒப்படைப்பது தவறு. பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு, முதலுதவிப் பெட்டி, மாணவியர் அணிக்கு ஆசிரியை துணை ஆகியவை சடங்குகள் அல்ல. அவை பணியின் அடித்தளம்.

இவ்வளவு உழைப்பு படிப்பைக் கெடுக்காதா என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. பிளஸ் டூ மதிப்பெண்ணே எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்று நம்பும் வீடுகளில் அக்கவலை இன்னும் கூர்மையாகிறது. அதற்கு விடை, பணியை வாரத்துக்கு ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கித் தொடர்ச்சியாக அமைப்பதில் உள்ளது. கனடாவின் மேற்குப் பகுதியில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாரம் ஒருமுறை தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவச் செய்தது. மற்ற பிரிவோடு ஒப்பிட, உதவி செய்தோரின் உடல் எடைக் குறியீடும் கொழுப்பின் அளவும் உடலின் உள் அழற்சியைக் காட்டும் குறிகளும் குறைந்திருந்தன. பிறர் துயரை உணரும் பண்பு மிகுதியாக வளர்ந்தவர்களிடமே இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. இன்னொரு புறம், சமூகப் பணி படிப்பின் நிபந்தனையாக்கப்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 1999இல் வெளியான உளவியல் ஆய்வு, வற்புறுத்தலுக்காகவே செய்கிறோம் என்று உணர்ந்தவர்களிடம் பிற்காலத்தில் தொண்டாற்றும் விருப்பம் தளர்வதைச் சுட்டியது. மாணவரின் விருப்பத்தையும் அதைத் தாங்கும் ஒழுங்கையும் ஒருங்கே பேண வேண்டும் என்பதையே இவ்விரு முடிவுகளும் உணர்த்துகின்றன.

அந்த விருப்பத்தை வளர்ப்பதற்கு ஒவ்வொரு பணிக்குப் பின்னும் அரைமணி நேரம் கூடி அமர்ந்து பேசுவது இன்றியமையாதது. எது நடந்தது, எது நடக்கவில்லை, ஊர் மக்கள் என்ன சொன்னார்கள், அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும் என்று மாணவர்களே தம் வாயால் சொல்லும்போது, ஓர் எளிய தெருக் கணக்கெடுப்புகூடப் பொருளியலாகவும் உயிரியலாகவும் குடிமையியலாகவும் அவர்கள் மனத்தில் பதிகிறது. அந்த உரையாடலில் திட்ட அலுவலர் குறைவாகப் பேசி மிகுதியாகக் கேட்பவராக இருப்பது நல்லது.

சான்றிதழுக்கும் பரிசுக்கும் உரிய இடம் உண்டு. உழைத்த பிள்ளையை மேடையில் பாராட்டுவது நியாயமே. எனினும் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சித் தலைவரும் ஓர் அணியை மதிப்பிடும்போது, எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்று கேட்பதோடு நிறுத்தாமல், சென்ற ஆண்டு தொடங்கிய பணிகளுள் எத்தனை இவ்வாண்டும் தொடர்கின்றன என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை ஆண்டுதோறும் கேட்கத் தொடங்கினால், தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி அணிகள் தத்தெடுத்த கிராமங்களுக்கு நிலையான துணையாக வளரும். அங்கே பயிலும் மாணவர்களும், ஊரின் தேவையைக் கேட்டறியவும் ஏற்ற வேலையை இறுதிவரை கொண்டுசெல்லவும் பழகிய குடிமக்களாகப் பள்ளியைவிட்டு வெளியேறுவார்கள்.