வினைமுற்று வரை மூச்சு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



பேச்சுக்கலையைப் பற்றி உரைக்கும்போது சொல் நயமும் பொருள் நயமும் எடுத்துக்கொள்ளப்படுவது வழக்கம். சொல்லைச் சுமந்து செல்லும் குரலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அது பிறவியிலேயே அமைவது, இருப்பவர்க்கு இருக்கும், இல்லாதவர்க்கு இல்லை என்று கருதிவிடுகின்றனர். பழந்தமிழ் இலக்கணம் அவ்வாறு கருதவில்லை.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அவர் காட்டும் முறை. தொடங்கும் இடம் தொண்டையன்று, உந்தி என்பதைக் கருதுதல் வேண்டும். வயிறு விரிய மூச்சிழுத்துப் பேசுக என்று இன்றைய குரற்பயிற்சி ஆசிரியர் முதல் நாள் சொல்லும் பாடமும் அதற்கு அண்மையதே. பின்வந்த பவணந்தியார் எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலியின் ஏற்ற இறக்கங்களையும் நன்னூலில் குறித்தார்.

திருவள்ளுவர் வைத்த வரிசையும் எண்ணத்தக்கது. 64ஆம் அதிகாரம் அமைச்சு. அதை அடுத்து 65ஆம் அதிகாரமாக நிற்பது சொல்வன்மை. பேசும் ஆற்றலை அவர் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. தொழிலுக்குரிய முதற்கருவியாகவே வைத்தார். இன்று அமைச்சர்க்கு மட்டுமன்று, ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் அலுவலர்க்கும் குரலே கருவி. உழவர் ஏரைப் பேணுவது போலவும் தச்சர் உளியைத் தீட்டுவது போலவும் இவர்கள் குரலைப் பேணுகின்றனரா என்பதே வினா.

அக்கருவி மிகச் சிறியது. குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள்; வளர்ந்த ஆடவர்க்கும் அவற்றின் நீளம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரே. பேசும்போது அவை ஆடவரிடம் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், மகளிரிடம் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. உயிருள்ள மனிதரிடம் இம்மடிப்புகள் இயங்குவதைக் கண்டு உலகுக்கு விளக்கியவர் ஓர் இசையாசிரியர். ஸ்பெயினில் பிறந்த மானுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, வேறொரு கண்ணாடியால் கதிரவன் ஒளியை உள்ளே செலுத்தித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். தம் கருவியை அறிய வேண்டும் என்னும் வேட்கை அவரை அவ்வாறு செய்வித்தது.

இனித் தமிழுக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும். உடன்பாடும் மறுப்பும் அங்கேதான் தெரியும். ஒரு மருத்துவர் நோயாளியிடம், ‘இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ள...’ என்று தொடங்குகிறார். அடுத்து வருவது ‘வேண்டும்’ என்பதா, ‘வேண்டாம்’ என்பதா? குறிலாகிய ‘டு’ நின்ற இடத்தில் நெடிலாகிய ‘டா’ வந்தால் பொருள் தலைகீழாகும். நோய் தீர்க்கும் மாத்திரை ஒலியின் மாத்திரையை நம்பி நிற்கிறது. சாட்சிக்கூண்டில் நிற்பவரின் ‘பார்த்தேன்’, ‘பார்க்கவில்லை’ என்பனவும் அத்தகையன. ஒருவரின் உரிமையோ உயிரோ தொடரின் கடைசிச் சொல்லில் தங்கியிருக்கக்கூடும்.

ஆனால் பேசுவோரில் பெரும்பாலோர்க்கு மூச்சுத் தீர்வதும் அதே இடத்தில்தான். தொடக்கத்தில் உரத்து எழும் குரல் நடுவில் தளர்ந்து, வினைமுற்றில் தொண்டைக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது. முன்வரிசையில் இருப்பவர் ஊகித்துக்கொள்வார். பின்வரிசையில் இருப்பவர் பக்கத்திலிருப்பவரை வினவுவார். ஆதலால் தமிழில் பேசுவோர்க்குரிய தலையாய விதி ஒன்றுண்டு: வினைமுற்று வரை மூச்சு நிற்க வேண்டும். நெடுந்தொடராயின் இடையில் பொருள் முறியாத இடத்தில் நிறுத்தி, மூச்சை நிரப்பிக்கொண்டு மேற்செல்ல வேண்டும்.

இது பயிற்சியால் வருவதே. மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, மார்பை உயர்த்தாமல் புத்தகம் எழுந்து தாழுமாறு மூச்சுவிடப் பழகலாம். பின் எழுந்து நின்று, ‘ஸ்’ என்னும் ஒலியை ஏற்றத்தாழ்வின்றி எவ்வளவு நேரம் நீட்ட இயலும் எனப் பார்க்கலாம். நாளடைவில் அந்நேரம் கூடும். பேச வேண்டிய தாளில் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடும், வினைமுற்றின்கீழ் ஓர் அடிக்கோடும் இட்டுக்கொள்ளலாம். ‘வலி, வளி, வழி’ என்றும் ‘அரம், அறம்’ என்றும் மெல்லச் சொல்லி நாவின் இடத்தை உறுதி செய்யலாம். அச்சத்தால் குரல் மேலேறிக் கீச்சிடுவோர், வாய்மூடி ‘ம்’ என்று முனகிப் பார்த்தால் தமக்கு இயல்பான சுருதி எதுவெனக் கண்டுகொள்வர். பேச்சைக் கைபேசியில் பதிந்து கேட்டல் நன்று. முதன்முறை கேட்பவர் அது தம் குரலன்று என்பர். தம் குரலை ஒருவர் எலும்பின் வழியாகவும் கேட்பதால் அது தமக்கு மட்டும் கனத்து ஒலிக்கிறது. பிறர் கேட்பது பதிவில் உள்ள குரலையே.

இத்தகைய உழைப்பு வீண்போகாது என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் இளவரசராயிருந்தபோது, 1925இல் வெம்ப்ளி நிறைவுவிழாவில் சொல் திக்கித் துன்புற்றார். மறு ஆண்டு ஆஸ்திரேலியரான லயனல் லோக் என்பவரிடம் மூச்சுப்பயிற்சி தொடங்கினார். போர் மூண்ட 1939 செப்டம்பர் 3 அன்று அவர் வானொலியில் ஆற்றிய உரையின் தாளில், நிறுத்த வேண்டிய இடங்களை லோக் குறித்துத் தந்திருந்தார். தமிழகத்தில், 1869இல் வலங்கைமானில் பிறந்து ‘வெள்ளி நாவினர்’ எனப் போற்றப்பெற்ற சீனிவாச சாஸ்திரியார், பேரவைகளில் புகழ் பெறுமுன் பள்ளி ஆசிரியராய் விளங்கியவர். குரல் இனிமையாய் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கலைஞர் மு. கருணாநிதியின் குரல் கரகரத்த குரல். அக்கரகரப்பே அவர்தம் முத்திரையாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரைச்சல் மிகுந்த இடத்தில் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதனை 1911இல் விளக்கி எழுதினார். வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக அவ்வாறு கத்தும் ஆசிரியர் பலர்க்குக் குரல்மடிப்பில் காய்ப்பு விழுகிறது. பிழைப்புக்குரிய கருவியே அப்போது பழுதாகிறது. ஆதலின் கத்துவதற்கு முன் கதவையோ மின்விசிறியையோ கவனித்தல் நலம். அடிக்கடி தொண்டையைச் செருமுவதைவிட ஒரு மிடறு நீர் பருகுதல் நன்று. குரல் கம்மியபோது குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகாது, பேசாதிருத்தலே ஓய்வு. மூன்று நான்கு வாரங்களாகியும் கம்மல் நீங்காவிடில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணத் தயங்கலாகாது.

கவிஞர்க்கு ஒரு சொல். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகள் 34 என எண்ணத் தொடங்கியபோது முதலில் வைத்தது மாத்திரையை. அணியும் தொடையும் எத்துணைச் சிறப்பினவாயினும், கண்ணிமைக்கும் அளவான அக்காலம் பிறழ்ந்தால் ஓசை பிறழும். நூல் எழுதியவர் அதனை அவையில் ஓதிக்காட்டி ஏற்புப் பெறுவதே தமிழில் அரங்கேற்றம் எனப்பட்டது. இன்றைய கவியரங்கிலோ, நெடிலைக் குறிலாக்கி, ஈற்றடியை விழுங்கி, கைதட்டலுக்கு இடம் தேடி விரைவோர் உளர். ஆறு மாதம் உழைத்த கவிதை ஆறு நிமிடத்தில் கேளாமலே போகிறது. மெல்லப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாயில் அதே கவிதை பிழைத்துக்கொள்ளும்.

வட்டத்தின் அடுத்த கூட்டத்திலிருந்தே ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். கவிதை படிப்பவர்க்கு எதிரே, கடைசி வரிசையில் ஒருவர் அமரட்டும். ஒவ்வோர் அடியின் இறுதிச் சொல்லும் தெளிவாய்க் கேட்டதா என்பதை மட்டும் அவர் பின்னர்ச் சொல்லட்டும். கருத்துரை கூறும் திறனாய்வாளர் முன்வரிசையில் பலர் இருக்கின்றனர். கேட்டதா இல்லையா என்று கூறும் அந்த ஒருவரே இப்போது தேவை.