விளக்கணைந்த திருக்கோயில்

(பெருவிழாவில் தேருக்கு முந்திய நாள் இரவு ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

 

நாளைக் காலை எம்பெருமான் திருத்தேரில் எழுந்தருள்கின்றான். ஆதலின் இன்றிரவு தேரின் தத்துவத்தைப் பேசுவதே முறை. ஆயினும் நாம் கடல் கடந்த ஒரு நாட்டுக் கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்குகின்றோம். அங்கும் ஒரு காலத்தில் திருவிழா நடந்தது. அங்கும் தெய்வத்தைத் தோளிலே சுமந்து வீதியில் எழுந்தருளச் செய்தார்கள். இன்று அங்கே ஒரு விளக்குக்கூட இல்லை. ஏன் இல்லை என்பதைச் சிறிது சிந்தித்தால், நாளைக்கு வடத்தைத் தொடும்போது நாம் தொடுவது இன்னதென்று விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் சிலரோடு எகிப்து நாட்டிற்குச் சென்றிருந்தோம். கெய்ரோ நகரிலிருந்து நைல் நதியின் கரை வழியே தெற்கு நோக்கி ஏறத்தாழ 650 கிலோமீட்டர் சென்றால் லக்சர் என்னும் ஊர் வரும். பண்டைக் காலத்தில் அந்நாட்டார் அதனை வாசெத் என்றனர்; கிரேக்கர் தீப்ஸ் என்றனர். ஆற்றின் கீழ்க்கரையில் கோயில்கள். மேல்கரையில் அரசர்களின் கல்லறைகள். ஞாயிறு எழும் திசை தெய்வத்திற்கு, விழும் திசை இறந்தார்க்கு என்று வகுத்து ஒரு நகரத்தையே அமைத்திருந்தார்கள்.

கீழ்க்கரையிலுள்ள பெருங்கோயிலுக்குக் கர்னாக் என்பது இன்றைய பெயர். கி.மு. 20ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி, அரசர் பின் அரசராக ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் அதனைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்குள்ள பெருமண்டபத்தில் 134 தூண்கள் 16 வரிசைகளில் நிற்கின்றன. நடுவிலுள்ள 12 தூண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். ஹாட்செப்சூத் என்னும் அரசி நிறுத்திய ஒற்றைக்கல் தூண் ஒன்று, ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இன்றும் வானை நோக்கி நிற்கின்றது. திருக்குளமும் உண்டு, ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 77 மீட்டர் அகலமும் உடையது. அங்கே மூவர்க்கு வழிபாடு நடந்தது: அமூன் என்னும் தெய்வம், அவன் தேவி மூத், அவர்தம் மைந்தன் கொன்சு.

நம் உள்ளத்தைத் தொட்டது கல்லின் பெருமையன்று, வழிபாட்டின் முறை. அர்ச்சகர்கள் தலையையும் உடலையும் மழித்துக்கொண்டு, பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் நீராடினார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். வைகறையில் கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் திறப்பார்கள். தெய்வத் திருமேனிக்கு நறுமண எண்ணெய் சாத்தி, ஆடை அணிவித்து, தூபமிட்டு, அமுது படைப்பார்கள். படைத்த அமுதைப் பின்னர்ப் பணியாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். கதவை மூடி வெளியேறும் அர்ச்சகர், தம் அடிச்சுவட்டைத் தாமே பெருக்கிக்கொண்டு பின்னோக்கி வருவார். ‘இங்கே நான் வந்தேன்’ என்ற சுவடும் இருத்தலாகாது! எத்தகைய பணிவு, பாருங்கள்.

இவற்றைக் கேட்டவுடன் உடன் வந்த அன்பர் ஒருவர், “இது நம் சைவமே ஐயா! இங்கிருந்து சென்றதே!” என்று மகிழ்ந்தார். நாம் அதற்கு உடன்படவில்லை. ஒப்புமை கண்டவுடன் உறவு கொண்டாடுதல் அறிவுடைமை ஆகாது. நமக்கும் அந்நாட்டுக்கும் மெய்யான தொடர்பு உண்டு. அது வணிகத் தொடர்பு. செங்கடற்கரையில் குசைர் அல்-காதிம், பெரனிகே என்னும் பழந்துறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்திய நாட்டுச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு இருந்தது. இவை சான்றுள்ளவை, இவ்வளவோடு நிற்போம். அவர்கள் தெய்வத்தை நம் தெய்வம் என்று பெயர் மாற்ற வேண்டுவதில்லை. அன்போடு எத்தெய்வத்தை வழிபடினும் அதனை ஏற்று அருள்பவன் முழுமுதற்பொருளே என்பது சிவஞான சித்தியார் காட்டும் நெறி. அந்நெறியில் நிற்பவர்க்கு அங்கே கைகூப்பத் தடையில்லை.

ஆகவே நாம் வாயிலில் செருப்பைக் கழற்றினோம். வழிகாட்டியாக வந்தவர் இசுலாமிய அன்பர், நடுவயதினர். அவர் பதறி, “ஐயா, கல் சுடும். இங்கே எவரும் கழற்றுவதில்லை” என்றார். சுற்றிலும் நோக்கினோம். பல நாட்டு மக்கள் செருப்போடும் தொப்பியோடும் கருவறை வரை சென்று, படம் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக் காண வந்தவர்கள். முத்திரை உடைத்துத் திறந்த கதவு இருந்த இடம் இன்று வெறும் வாயில். “கடைசியாக இங்கே பூசை செய்தவர் யார்?” என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றும் இடம் ஒன்று உண்டு. மாலையில் காட்டுகிறேன்” என்றார்.

அன்பர்களே! இக்கோயில் எவ்வாறு அணைந்தது? கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெனாத்தென் என்னும் அரசன் அமூன் வழிபாட்டை நிறுத்தினான். கல்லிலிருந்த அமூன் என்னும் பெயரைக்கூடச் செதுக்கி எடுக்கச் செய்தான். ஆயினும் கோயில் அழியவில்லை. அவனுக்குப் பின் வந்த தூத்தன்காமூன் காலத்திலே வழிபாடு மீண்டது. அகெனாத்தென் எழுப்பிய கட்டடங்களின் கற்கள், பின்னாளில் கர்னாக் கோபுரங்களின் உள்ளே நிரப்புக் கற்களாயின! ஆனால் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் பேரரசன் தியோடோசியசின் ஆணைகள் பழைய வழிபாட்டைத் தடுத்தபோது, அது மீளவில்லை. முன்னரும் அரசாணை, பின்னரும் அரசாணை. முன்னது வெல்லவில்லை, பின்னது வென்றது. காரணம் என்ன?

முன்னர், வழிபாடு மக்கள் நெஞ்சில் உயிரோடு இருந்தது. பின்னர், ஆணை வருவதற்கு முன்பே பெரும்பாலோர் நெஞ்சை விட்டு அது அகன்றிருந்தது. அக்கோயில் செல்வத்தில் குறைந்ததன்று. மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் அமூனுக்கு 80,000க்கும் மேற்பட்ட பணிமக்களும், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளும் உரியனவாக இருந்தன என்று ஓர் ஏடு கூறுகின்றது. ஆனால் பொதுமக்கள் பெருமண்டபத்தைத் தாண்டிச் செல்லும் வழக்கமில்லை. வேதியரும் எழுத்தரும் மட்டுமே திருவெழுத்தை அறிந்திருந்தனர். பிலே என்னும் தீவுக்கோயிலில் கி.பி. 394 ஆகஸ்டு 24இல் ஒருவர் பொறித்ததே அப்படவெழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள கடைசிக் கல்வெட்டு. பின்னர் 1822இல் சாம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வழி காணும் வரை, 1,400 ஆண்டுகளுக்கு மேலாகச் சுவர் முழுதும் எழுத்திருந்தும் படிப்பார் இலர். கல் நின்றது, ஓதுவார் மறைந்தார்.

கோயிலின் பின்புறம், கீழைச் சுவரையடுத்து, ஒரு சிறு கோயில் உண்டு. ‘வேண்டுதலைக் கேட்கும் அமூன்’ என்று அத்தெய்வத்திற்குப் பெயர். உள்ளே செல்ல இயலாத எளியவர் அங்கே வந்து முறையிட்டார்கள். அமூன் என்னும் சொல்லுக்கே ‘மறைந்திருப்பவன்’ என்பது பொருள். மறைத்தலும் இறைவன் செயலே என்பது நம் சித்தாந்தம். ஆனால் அருளுதற்காகவே மறைக்கின்றான். மறைந்தவன் என்று சொன்ன மக்களே, ‘அவன் கேட்கின்றான்’ என்றும் நம்பினார்களே! அந்தச் சிறு கோயிலின் முன்னேதான் நம் கண் நிறைந்தது. 21 மீட்டர்த் தூணின் கீழே நிறையவில்லை.

மாலையில் லக்சர் கோயிலுக்குச் சென்றோம். கர்னாக்கிலிருந்து அங்குவரை ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளத் திருவீதி. இருமருங்கும் சிங்க உடல் கொண்ட கற்சிலைகள். மண்மூடிக் கிடந்த அவ்வீதியை அகழ்ந்து 2021 நவம்பரில் திறந்தார்கள். ஆண்டுதோறும் நைல் பெருகும் காலத்தில் ஓபெத் என்னும் பெருவிழா. முதலில் 11 நாள் நடந்தது. பிற்காலத்தில் 20 நாளுக்கு மேல் வளர்ந்தது. மூன்று தெய்வங்களையும் ஓட வடிவான வாகனங்களில் வைத்து, அர்ச்சகர்கள் தோளில் சுமந்து லக்சருக்கு எழுந்தருளச் செய்தார்கள். அவ்விழாவை லக்சர் கோயிற் சுவரில் சிற்பமாகக் காணலாம்.

அக்கோயிலின் முற்றத்திலேயே, பழைய தூண்களின் மேல், ஒரு பள்ளிவாசல் நிற்கின்றது. அபுல் ஹக்காக் என்னும் பெரியவர் பெயரால் வழங்குவது. கோயில் மண்மூடிக் கிடந்த நாளில் அம்மேட்டின்மேல் கட்டியது. பின்னர் மண்ணை அகழ்ந்தபோது பழைய வாயில் அந்தரத்தில் தொங்குவதாயிற்று. தொழுகை நேரம் வந்தது. வழிகாட்டி அன்பர் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே சென்றார். அவ்வாயிலில் பல செருப்புகள் கிடந்தன. உழைப்பாளிகளின் தேய்ந்த செருப்புகள், சிறுவர் செருப்புகள். உயிருள்ள ஆலயத்துக்கு இதனினும் வேறு அடையாளம் வேண்டுமோ? அப்பெரியவர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் விழாவில் இன்றும் ஓடங்களை ஊர்வலமாகக் கொண்டு வருகின்றார்கள் என்று அவர் திரும்பி வந்து சொன்னார். தெய்வத்தின் பெயர் மாறியது, சமயம் மாறியது, மக்கள் கைவிடாத ஒன்று மட்டும் நின்றது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பிறர் கோயில் அணைந்ததற்கு இரங்கினோமே, நம் நிலை என்ன? நாமும் இழந்தவர்களே. தில்லையில் பூட்டிய அறையில் திருமுறை ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துப் போயின என்பதை அறியாதார் இல்லை. இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கின்றோம். நாம் பிறந்த சிற்றூரில் ஒரு சிவன் கோயில். பூசை நின்று இரண்டாண்டு ஆகியிருந்தது. அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம், ஒருநாளும் இறங்கவில்லை. மேடைதோறும் திருக்கோயிற் பெருமை பேசிய வாய் இது! கடல் கடந்து கர்னாக்கில் செருப்பைக் கழற்றிய கால், சொந்த ஊரில் பேருந்தை விட்டு இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் இறங்கினோம். திறவுகோல் எதிர்வீட்டு மூதாட்டியிடம் இருந்தது. “எவரேனும் வருவீர்கள் என்று துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்” என்று அவ்வம்மையார் கொடுத்தபோது, நாம் தலைநிமிரவில்லை. அர்ச்சகர் கோயிலை விட்டார், அறங்காவலர் விட்டார், சொற்பொழிவாளர் விட்டார், ஒரு கிழவி விடவில்லை. இன்று அங்கே ஒருகாலப் பூசை நடக்கின்றது. சில நாள் எண்ணெய்க்குத் தட்டுப்பாடுதான். ஆயினும் மாலையில் நான்கைந்து சிறுவர்கள் வந்து பதிகம் ஓதுகிறார்கள். வாயிலில் அவர்கள் செருப்பு கிடக்கின்றது.

காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்தான். பூசலார் திருநின்றவூரில் நெஞ்சுக்குள்ளே எடுத்தார். இறைவன் முதலில் எழுந்தருளியது எங்கே என்பதைச் சேக்கிழார் பெருமான் நமக்குச் சொல்லிவிட்டார். அப்பர் பெருமான் கையில் ஏந்தியது செங்கோல் அன்று, உழவாரம்.

ஆதலின், அன்பர்களே, நாளை வடம் பிடிக்கும்போது குழந்தையின் கையையும் அதில் வையுங்கள். வீடு திரும்பும் வழியில் விளக்கில்லாத ஒரு கோயில் இருக்குமாயின் இறங்குங்கள். ஓர் ஆழாக்கு எண்ணெய் போதும். 134 தூண்கள் செய்ய மாட்டாததை அச்சிறு திரி செய்யும்.

சிவ சிவ. திருச்சிற்றம்பலம்.