சிறு சபையின் ஐக்கியம்

வலிகாமத்துக் கிராமமொன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையிலே தேவாலய மணி இருமுறை ஒலிக்கும். முதல் மணி ஆயத்தமாவதற்கு. இரண்டாம் மணி உள்ளே வருவதற்கு. முதல் மணி கேட்டதும் தோட்டத்தில் நிற்பவர் மண்வெட்டியைக் கழுவி வைப்பார். பிள்ளைகளின் தலை வாரப்படும். அடுப்பிலிருக்கும் பானையை யார் பார்த்துக்கொள்வது என்ற வழக்கும் வீட்டுக்குள்ளே ஒருவாறு தீர்ந்துவிடும். அயலிலுள்ள சைவ வீட்டார் அந்த மணியைக் கொண்டு நேரம் அறிவதுமுண்டு. "கோயில் மணி அடிச்சிட்டுது" என்று கிறிஸ்தவர் சொல்வர்; முருகன் கோயில் மணியையும் ஊரார் அதே சொல்லாலே குறிப்பர். எந்தக் கோயில் என்பதை ஓசையே சொல்லிவிடும்.

இத்தகைய சபையொன்றில் இருபது அல்லது முப்பது குடும்பங்கள் இருக்கும். அவர்களுடைய வாரம் எவ்வாறு கழிகின்றது, அவர்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். நல்ல பிரசங்கம் என்று சிலர் சொல்லக்கூடும். பிரசங்கம் நன்றாயிராத ஞாயிறுகளும் பல உண்டு. அன்றும் சபை கூடத்தான் செய்கின்றது.

1816 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தமது வேலையைத் தொடங்கினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் எழுந்து பின்னர் பாழடைந்து கிடந்த கோயிற் கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும், உடுவில் மகளிர் பாடசாலை 1824 இலும், 'உதயதாரகை' பத்திரிகை 1841 இலும் தோன்றின. மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். இவையெல்லாம் நூல்களில் ஏறிய செய்திகள். கிராமத்துச் சிறு சபைகளோ பெரும்பாலும் நூல்களில் ஏறவில்லை. பெரிய நிலையங்களுக்கு அப்பால், பாடசாலைக் கொட்டில்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கூடத் தொடங்கி, மெல்ல மெல்லச் சுவரும் ஓட்டுக் கூரையும் பெற்ற சபைகள் அவை. 1947 இலே தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த இச்சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார்.

சபையின் வாரம் உண்மையிற் சனிக்கிழமை பிற்பகலிலே தொடங்குகின்றது. முறைக்குரிய வீட்டுப் பெண்கள் விளக்குமாறும் வாளியுமாக வருவார்கள். வாங்குகள் துடைக்கப்படும், வௌவால் எச்சம் கழுவப்படும், திருவிருந்து மேசைக்கு வெளுத்த துணி விரிக்கப்படும். பூ வாங்குவதில்லை. செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ எவர் வளவிற் பூத்திருக்கின்றதோ அதுவே மேசைக்கு வரும். யார் வீட்டுச் செடியின் பூ என்பது மறுநாள் வருகின்ற அனைவருக்கும் தெரியும். அதிலே சிறிது பெருமையும் கலந்திருக்கும். இதைக் குறை கூறுவதற்கில்லை.

ஞாயிறு ஆராதனையிலே வேதபாடம் வாசிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராயிருப்பார், அல்லது பத்தாம் வகுப்பிற் படிக்கும் பெண்ணாயிருப்பாள். அவர்கள் வாசிக்கும் தமிழுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1850 இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலரே. அம்மொழிபெயர்ப்பு நிலைபெறவில்லை, பின்வந்த வேறொன்றே கோயில்களில் வாசிக்கப்பட்டு வந்தது. எனினும், வாசிப்பிலே பிழை விட்டால் பின்வாங்கிலிருந்து ஒருவர் மெல்லிய குரலில் திருத்தும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பாட்டு வரும்போது சபை முழுவதும் உயிர்பெறும். இசைப்பெட்டி வாசிப்பவர் வராவிட்டாலும் பாதகமில்லை. முதியவர் ஒருவர் சுருதி பிடித்து முதலடியை எடுத்துக் கொடுக்க, மற்றையோர் கைத்தாளத்தோடு தொடர்வர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய கீர்த்தனைகளை எழுத்தறியாத பாட்டிமாரும் மனப்பாடமாகப் பாடி வந்தனர். சரணம் மறந்த இடத்திலே அவர்கள் உரத்துப் பாடுவதும் உண்டு.

ஆராதனை முடிந்தபின் நடப்பதை வெளியூரார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காணிக்கையாக வந்த வாழைக்குலை, முருங்கைக்காய், முட்டை, முதற் காய்த்த பலாப்பழம் ஆகியன வாசலிலே ஏலம் கூறப்படும். சந்தையில் இதைவிட மலிவாக வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே விலையை ஏற்றுவார்கள். சிரிப்பும் கேலியுமாக அது நடந்துகொண்டிருக்கையில், மறுபுறத்தில் வேறொரு கணக்கு எடுக்கப்படும். "என்ன அக்கா, போன கிழமை காணேல்லை, சுகமில்லையோ?" என்று ஒருத்தி கேட்பாள். "அவருக்குக் காய்ச்சல், விட்டிட்டு வர மனமில்லை" என்பாள் மற்றவள். அன்று மாலைக்குள் அந்த வீட்டுக்குக் கஞ்சியோ இரசமோ போய்ச் சேர்ந்துவிடும். நூறு வாங்கு போட்ட ஆலயத்திலே ஒருவர் வராதது தெரியாது. பன்னிரண்டு வாங்கு உள்ள கோயிலில் ஓரிடம் வெறுமையாயிருந்தால் அது எல்லார் கண்ணிலும் படும். சிறுமையினால் வருகின்ற நன்மைகளில் இது முதன்மையானது. இதே காரணத்தால், வர விரும்பாதவருக்கு ஒளிந்துகொள்ள இடமுமில்லை. அதனாற் சலிப்படைவோரும் உண்டு.

வாரத்தின் நடுவே வீட்டுக் கூட்டம் நடைபெறும். குடும்பங்களின் பெயரை வரிசையாக எழுதி, வாரத்துக்கு ஒரு வீடாகச் செல்வார்கள். விறாந்தையிலே பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், பின்னர் ஜெபம். வீட்டாரின் தேவைகள் அங்கே வாய்விட்டுச் சொல்லப்படும். மகனுக்கு வேலை, மகளுக்குச் சம்பந்தம், பசுவின் கன்று, வெளிநாட்டிலிருந்து வராத கடிதம் எல்லாம் ஜெபத்துக்குரிய காரியங்களே. இப்பொழுது கடிதத்தின் இடத்தைத் தொலைபேசி பிடித்துக்கொண்டது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் அந்நேரம் அழைத்து, தன்னையும் நினைத்து ஜெபிக்கும்படி கேட்பதுண்டு. கூட்டம் முடிந்ததும் தேநீரும் வடையும். எளிய வீட்டாருக்குச் செலவு வைக்கக்கூடாதென்று சபையார் தேநீர் மட்டும் போதுமென்று தீர்மானிப்பார்கள்; அத்தீர்மானம் எந்தக் காலத்திலும் கைக்கொள்ளப்படுவதில்லை.

பிடியரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலையில் அரிசியிடுமுன் தாய் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இட்டு வைப்பாள். வார முடிவில் அது கோயிலுக்கு வரும். விற்ற பணம் ஏழைகளுக்கோ ஊழியத்துக்கோ போகும். கையிற் காசு புழங்காத பெண்களும் தம் பெயரிலே கொடுக்கக்கூடிய காணிக்கை அது. கணவனைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. சமையலறையில் அவளே அதிகாரி.

இதுவரை சொன்னவற்றைக் கேட்போர், சபை என்பது அன்பும் வடையும் நிறைந்த இனிய கூட்டம் என்று எண்ணிவிடலாம். உண்மை அவ்வளவு இனியதன்று. சபையார் எல்லாரும் மாமன், மச்சான், சித்தப்பன், பெரியம்மா என உறவினர். யாழ்ப்பாணத்திலே உறவு என்றால் காணியும், காணி என்றால் எல்லையும் உண்டு. பெற்றோரின் வளவு தேசவழமைப்படி பிள்ளைகளுக்குப் பங்காகி, கிணற்றிலும் வழியிலும் ஆளுக்கொரு பங்கு என்றாகிவிடும்போது, வேலி ஒவ்வோர் ஆண்டும் புதிய வினாவாகின்றது. பழைய கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடும்போது அது அரை முழம் தள்ளிப் போய்விடும். அந்த அரை முழத்துக்காகத் தமையனும் தம்பியும் பத்தாண்டு பேசாதிருப்பார்கள். நீதிமன்றப் படியும் ஏறுவார்கள். ஞாயிறு தோறும் இருவரும் கோயிலுக்கு வருவார்கள். ஒருவர் வலப்பக்கத்து வாங்கிலும் மற்றவர் இடப்பக்கத்து வாங்கிலும் அமர்ந்து, ஒரே பாட்டைப் பாடுவார்கள். இது எந்தச் சபைக்கும் புதிதன்று.

இங்கேதான் தென்னிந்தியத் திருச்சபை 1950 இல் அமைத்த திருவிருந்து ஒழுங்கு ஒரு சிறு காரியத்தைச் செய்தது. பழைய காலத் திருச்சபையில் விசுவாசிகள் திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் வழங்கினர். மேனாட்டுச் சபைகளில் அவ்வழக்கம் சபையார் நடுவே அற்றுப்போய்விட்டது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே அது கையிலிருந்து கைக்குச் செல்வதாக வாழ்ந்து வந்தது. புதிய ஒழுங்கை அமைத்தோர் அதனைத் தமது சபைகளுக்கு எடுத்துக்கொண்டனர். குருவானவர் மேசையருகே துணைநிற்பவர்களுக்குச் சமாதானத்தை வழங்குவார். அவர்கள் அதைச் சபையாரிடம் கொண்டுவருவார்கள். பின்னர் வாங்கு வாங்காக அது பின்புறம் செல்லும். கொடுப்பவர் தமது வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் தம் இடது கையால் மற்றவர் வலக்கையை மூடிக்கொள்வர். பிற்காலத்தில் மேனாட்டுச் சபைகள் பல தமது வழிபாட்டு ஒழுங்குகளைத் திருத்தியபோது, இம்முறை அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று.

ஏட்டிலே பார்த்தால் இது அழகிய சடங்கு. கிராமத்துக் கோயிலிலோ இது பெரும் சோதனை. பிரசங்கத்தைக் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். ஜெபத்திலே கண்ணை மூடிக்கொள்ளலாம். கை கொடுக்க வேண்டுமானால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அவ்விடத்தில் வைத்துவிட்டு முதலிற் போய் ஒப்புரவாகும்படி இயேசுநாதர் கற்பித்ததைச் சபையார் சிறு வயது முதலே அறிவார்கள். திருவிருந்து பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை நடைபெறும். ஆகவே, சண்டையிட்டவருக்கு நாலு வாரத் தவணை கிடைக்கின்றது. சிலர் வாங்கை மாற்றி இருந்து தப்புவர். சிலர் அந்த ஞாயிற்றிலே தலையிடி என்று வீட்டில் நின்றுவிடுவர். 2020 இலே கொள்ளைநோய் பரவி, தொடுகை தவிர்க்கப்பட்டு, சமாதானம் கைகூப்புதலோடு நின்றபோது, மனத்துக்குள் நிம்மதியடைந்தவர்களும் இருந்திருப்பார்கள்!

கை கொடுப்பதன் ஆழத்தை அறிய வேலிச் சண்டையைவிடப் பழைய ஒரு சண்டையையும் நினைக்க வேண்டும். 1833 இலே கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், சபைகளில் சாதிவேற்றுமை முற்றாக ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் கிறிஸ்தவர் பலர் அதற்கு இணங்க மறுத்தனர். வேறு வேறாக அமர்வதையும் திருவிருந்தில் முன்பின்னாக வருவதையும் அவர்கள் விடத் துணியவில்லை. சாதிவழக்கத்தைக் கைவிடுமாறு மிஷனரிமார் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதியவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். எல்லாரும் சேர்ந்து பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர், எல்லாரும் சேர்ந்து அமர்வதற்கு உடன்படவில்லை. யாழ்ப்பாணத்துச் சபைகளும் இச்சிக்கலுக்கு அயலானவையல்ல. ஒரு வாங்கிலே யார் அருகில் யார் இருப்பது, ஒரே பாத்திரத்தில் யார் வாய்வைத்தபின் யார் வாய்வைப்பது என்பன இங்கும் மனங்களைக் கலக்கிய காரியங்களே. ஆகையால் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதை வெறும் மரியாதை என்று கொள்வது தவறு. அந்தக் கைகளுக்கிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட தயக்கம் இருந்தது. அது முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லுவோரைச் சபையார் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் அப்பாலும் பெயர்ந்தபோது, கோயில்கள் வெறுமையாயின. வேலியும் எல்லையும் உறுதிப்பத்திரமும் பின்னே கிடந்தன. சபையார் ஒருவரையொருவர் விசாரித்துக் கண்டுபிடித்து, கிடைத்த கூரையின் கீழே கூடிப் பாடினர். மறு ஆண்டிலே பலர் திரும்பினர், திரும்பாதோரும் பலர். கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போன குடும்பங்களின் வாங்குகள் இன்று வெறுமையாயுள்ளன. நாற்பது குடும்பம் இருந்த இடத்தில் இருபது என்றால், வீட்டுக் கூட்டத்தின் முறை இருமடங்கு விரைவில் வந்துவிடும். காணியைப் பார்க்க ஆளில்லாத வளவுகளிலே கதியால்கள் மரமாகி நிற்கின்றன. அங்கே வேலிச் சண்டைக்கும் இடமில்லை.

எஞ்சியிருப்போருக்கு அந்த வீட்டு முறை தப்பிக்க முடியாத ஒன்று. வாங்கை மாற்றிக்கொள்ளலாம், வரிசையை மாற்ற முடியாது. கோயிற் கதவருகே தொங்கும் தாளிலே பெயர்கள் வளவின் வரிசைப்படியே எழுதப்பட்டிருக்கும். ஆகவே தமையன் வீட்டுக்கு அடுத்த கிழமை தம்பி வீடு. தம்பி வீட்டுப் பாயில் தமையன் வந்து அமர்வாரா என்று சபை முழுவதும் வாய்திறவாமற் காத்திருக்கும். ஆறரை மணிக்கு விளக்கேற்றியாயிற்று. முதற் பாட்டும் தொடங்கியாயிற்று. படலை திறக்கும் சத்தம் கேட்கும்போது எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாயின் ஓரத்திலே இருப்பவர் மட்டும் சிறிது ஒதுங்கி இடம் விடுவார்.