கூலியும் கட்டும்

(பேகம்பூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரச் சரக்கு கைமாறி வரும் வழியில், மனிதரைக் கட்டி வைத்து வேலை வாங்கும் கொடுமையை எவ்விதம் தடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது மேல்நாட்டு வியாபாரிகள் யோசிக்க வேண்டிய காரியம், நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கூடியிருக்கும் இந்தப் பேகம்பூர், தோல் ஷாப்புகளால் பேர் பெற்ற இடம். திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூர் முதலிய பகுதிகளிலோ நூல் மில்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே நூற்ற நூல் திருப்பூரில் துணியாகிச் சட்டையாகிக் கப்பலேறுகிறது. ஆகையால் நாம் பேசப்போவது நமது வாசலில் நடக்கும் காரியமேயன்றி வேறன்று.

ஒரு மனிதனைக் கட்டிப்போட இரும்புச் சங்கிலி வேண்டுவதில்லை. நமது முன்னோர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனதை அறிவீர்கள். அங்கே 'துண்டு' என்றொரு வழக்கம் இருந்தது. தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறதென்று ஒரு சீட்டில் எழுதியிருக்கும். அக்கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் வேறு தோட்டத்தார் கிடைத்தாலொழிய அவன் இடம் பெயர முடியாது. கடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற, ஆளும் அதனுடன் கைமாறினான். 1921-ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது. ஆயினும் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் வழக்கம் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் பின்னும் நீடித்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களையெல்லாம் அடியோடு ரத்து செய்தது. கடனுக்காக ஆளைக் கட்டி வேலை வாங்குவோருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதித்தது.

நிற்க. முன்பணம் கொடுத்துக் கட்டுவது ஒரு முறையானால், கூலியைக் கொடாமல் நிறுத்திக் கட்டுவது மற்றொரு முறை. நமது ஜில்லாவிலும் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலும் பல மில்கள் நடத்திய 'சுமங்கலித் திட்டம்' இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் அதற்குப் பேர் சூட்டினார்கள். பேரைக் கேட்டால் மங்களகரமாகத்தான் இருக்கிறது. ஏஜெண்டு கிராமத்துக்கு வருவான். பெண் 3 வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யட்டும், முடிவில் கலியாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும் என்பான். தகப்பனார் தலையசைப்பார். அந்தத் தொகை பெரும்பாலும் அவளுடைய சொந்தக் கூலியில் பிடித்து வைத்ததே. வியாதியினாலோ துன்பம் பொறாமலோ தவணைக்கு முன் அவள் வீடு திரும்பினால், அத்தொகையை இழந்து வெறுங்கையோடு வர நேரும். ஹாஸ்டலைவிட்டுத் தன்னிச்சையாக வெளியே போகவும் அனுமதி கிடையாது. 2011-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இதனை அறிக்கையாக வெளியிட்டபோது உலகமெங்கும் பேச்சு எழுந்தது.

அவள் தானே மனமொப்பிப் போனாள், இதில் நிர்ப்பந்தம் எங்கே என்று கேட்பாருண்டு. 1982-ஆம் ஆண்டில், டில்லி ஆசிய விளையாட்டுக்காகக் கட்டட வேலை செய்தோரைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் இதற்கு விடை கூறியிருக்கின்றனர். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் வேலை செய்வானாகில், வறுமையும் பசியுமே அவனை நிர்ப்பந்திப்பதாகக் கொள்ள வேண்டும். அதுவும் அரசியற் சட்டத்தின் 23-ஆவது பிரிவு விலக்கும் கட்டாய வேலையே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

மில் இல்லையேல் இந்த ஏழைப் பெண்ணுக்குச் சோறு ஏது என்பது அடுத்த கேள்வி. மில்லை மூடும்படி யாரும் கேட்கவில்லை. மாதக் கூலியை மாதந்தோறும் அவள் கையில் கொடுப்பதனால் எந்த மில் மூடிப்போகும்?

இனித் தடுக்கும் வழியைப் பார்ப்போம். வெளிநாட்டுக் கம்பெனிகள் நெடுங்காலமாகச் சோதனையாளரை அனுப்பி வந்தன. அவர் வரும் நாள் முன்னதாகவே தெரிந்துவிட்டால் தரை பளபளக்கும், கணக்குப் புஸ்தகம் ஒழுங்காயிருக்கும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, அந்தப் பெண் என்ன சொல்வாள்? 2021 ஜனவரியில் நமது ஜில்லாவில், நாச்சி அப்பேரல் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருத்தி கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அதன்பின் பெண்களே தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஏற்படச் செய்தது. அத்தொழிற்சாலையின் உடைமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், சரக்கு வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியும், பின்னர் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சியளித்து, வேலையிடத்தில் நடக்கும் குறைகளைக் கண்டு சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். வாய் திறந்தவளைப் பழிவாங்கலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை மீறினால் வாங்குவோர் வியாபாரத்தைக் குறைக்க வேண்டியவர்.

அவ்வருஷம் ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய வேலை நடந்ததாகக் கருதி, அத்தொழிற்சாலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவிட்டது. சீர்திருத்தங்கள் நடைபெற்றதை அறிந்து செப்டம்பரிலேயே அதனைத் தளர்த்திச் சரக்கை அனுமதித்தது. தொழிலாளியின் வாயைத் திறந்துவிட்டது முதலாளிக்கும் லாபமாகவே முடிந்ததென்று இதனால் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியமும், கட்டாய வேலையால் உண்டான சரக்கைத் தன் சந்தையில் விலக்கும் சட்டத்தை 2024-இல் இயற்றியது. 2027 டிசம்பர் முதல் அது அமலாகுமென்று அதில் விதித்திருக்கிறது. ஆனால் சட்டையின் விலையை வருஷந்தோறும் குறைத்துக் கேட்டுக்கொண்டே நீதியும் பேசினால், அந்தக் குறைவு கடைசியில் யார் தலையில் விழும்? நூற்கும் பெண்ணின் தலையிலேயே விழும். விலையில் நியாயம் வேண்டுமென்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டாருக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது தகுமா? அந்தத் திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்ற பேர் ஏன் வந்தது? வரதட்சிணை என்னும் பேயல்லவா அப்பெண்ணை மில் வாசலில் கொண்டு விட்டது? வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-லேயே பிறந்தது. நம் கலியாணப் பந்தல்களில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. நாம் பவுன் கணக்குப் பேசி மகனுக்குப் பெண் எடுத்தால், பக்கத்து வீட்டானும் பேசுகிறான். நமது சாதியில் தொடங்கிய அந்தக் கணக்கு, ஊரின் கடைக்கோடியில் உள்ள சேரிவரை போய், அங்கே ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் படிப்பை நிறுத்துகிறது.

ஆகவே சங்கத்தார் மூன்று காரியங்களைத் தீர்மானமாக ஏற்க வேண்டுகிறேன். முதலாவது, தொழில் நடத்தும் நமது அங்கத்தினர் எவரும் கூலியைப் பிடித்து வைக்கலாகாது. முன்பணத்தின் பேரால் ஆளைத் தடுக்கலாகாது. நூலோ தோலோ வாங்கும்போது, அது எத்தகைய கையினின்று வருகிறதென்று நேரில் போய் விசாரிக்க வேண்டும். இரண்டாவது, கட்டுண்டு கிடப்போரைப் பற்றித் தெரிந்தால், அவர் எச்சாதியாராயினும், ஆர்.டி.ஓ.வுக்கோ கலெக்டருக்கோ தெரிவிக்க வேண்டும். 1976-ஆம் வருஷச் சட்டத்தின்படி, கடன் கொத்தடிமைக் கடனன்று என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவனையே சேர்ந்தது, எழுத்தறியாத ஏழையையன்று. மூன்றாவது, வரதட்சிணை பேசிய கலியாணத்துக்கு நமது சங்கத்தின் பேரால் எவரும் போய் முன்னிற்கலாகாது.

முதலிரண்டுக்கும் கைதட்டி, மூன்றாவதற்குத் தலை குனிந்திருப்போமானால் நாம் செய்தது பாதியே. இன்று இங்கு வந்திருக்கும் தாய்மார்கள், பிள்ளையைப் பெற்ற தாய்மார்களாகவே இதனைத் தங்கள் வீட்டில் நிலைநாட்ட வேண்டுகிறேன்.